நீலம் வராத பன்னிரண்டு தொட்டிகள்

என்னுடைய பன்னிரண்டு தொட்டி நெல்லையும் வெள்ளிக்கிழமை கொளுத்திவிடும்படி இயக்குநர் கோபிநாத் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான்கு வருட உழைப்பு அது.

குளத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வு மையத்தில் வறட்சி தாங்கும் நெல்லை உருவாக்குகிறோம். நெல்லுக்குள் வைக்கும் மரபணு எப்போது, எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் சுவிட்சுக்குப் புரமோட்டர் என்று பெயர். அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவருக்கு மக்காச்சோளத்திலிருந்து எடுத்தது பிடிக்கும். அது வேர், இலை என்று பாராமல் நாள் முழுக்க மரபணுவை வேலை வாங்கும். கூடவே வைக்கும் அடையாள மரபணுவால், சுவிட்ச் விழித்திருக்கும் இடம் சோதனை நீரில் ஊறவைத்தால் நீலமாகும்; அவருடையதில் இலை முழுக்க நீலம். போட்டோவுக்குப் பிரமாதம். பயிர்தான் குள்ளமாகிப் போகும். மழை பெய்கிற நாளிலும் வறட்சிக்குப் பயந்து சாகிற பயிரில் கதிர் எங்கிருந்து வரும்?

ஆவூரில் எங்கள் வயலுக்குக் கண்மாய்த் தண்ணீர் ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. அதனால் நான் எடுத்தது நெல்லிலேயே இருக்கும் ஒரு புரமோட்டர். மண் காய்ந்தால் மட்டும், வேரில் மட்டும் விழிக்கும்.

பதினைந்து நாள் தண்ணீர் விடாமல் வைத்துச் சோதித்தோம். அவருடைய செடிகள் நீலம். என் செடிகளின் வேர்கள் வெள்ளை வெளேர். ஃபெயில் என்று எழுதிவிட்டார்.

அன்று மத்தியானம் தொட்டிகளுக்கு முன்னால் போய் நின்றேன். பதினைந்து நாள் பட்டினி போட்ட செடியில் ஓர் இலைகூடச் சுருண்டிருக்கவில்லை. மண்ணில் விரலை விட்டால் ஈரம். பசுமைக்குடிலைப் பார்த்துக்கொள்ளும் குன்றாண்டார்கோவில் செவந்தி அக்காவிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"நாலாம் நாளே எலை சுருண்டுருச்சுங்க. கையில கொடத்த வச்சுக்கிட்டு எப்புடி அங்கிட்டுத் திரும்பிப் போறது? எல்லாத் தொட்டிக்கும் தெனம் ஒரு செம்பு ஊத்துனேன்."

தண்ணீர் விடாதீர்கள் என்று சொன்ன நான், ஏன் என்று சொல்லவில்லை. இலை சுருளாததைக் கவனிக்கவும் இல்லை. விவசாயி மகளாம், வெட்கக்கேடு.

அக்கா தானாகவே என்னோடு இயக்குநர் அறைக்கு வந்து உள்ளதைச் சொன்னார். கோபிநாத்துக்கு முகம் சிவந்துவிட்டது. நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, எரிப்பதற்கான படிவத்தை என் பக்கம் தள்ளினார். குடிலின் பொறுப்பாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு செடியைக்கூட வெளியே எடுக்க முடியாது. பொறுப்பாளர் நான்தான்.

"சார், தண்ணி இருக்கையில என் சுவிட்சு சும்மா இருந்துச்சு. அதுக்குத்தான அத எடுத்தேன்? பாதிச் சோதனைய அக்கா முடிச்சுக் குடுத்துட்டாங்க. மீதிக்கு ஒம்பது நாள் தண்ணி ஊத்தாம வைக்கணும். கையெழுத்துப் போட மாட்டேன். அக்காவும் நாளைக்கு வருவாங்க."

என் வேலையும் போகும் என்றார். போகட்டும், போகிற வரைக்கும் குடில் சாவி என்னிடம்தான் இருக்கும் என்றேன். படிவத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

கையெழுத்து இல்லாததால் வெள்ளிக்கிழமை எதுவும் எரியவில்லை, அக்காவும் வேலைக்கு வந்தார். இந்த முறை அக்காவை உட்காரவைத்து, பயிரை ஏன் காயப்போடுகிறோம் என்று முதலிலிருந்து சொன்னேன். ஒன்பது நாளும் அவர் அந்த வரிசையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தார். இலைகள் சுருண்டன, நுனி கருகியது. பத்தாம் நாள் வேரையும் இலையையும் நறுக்கிச் சோதனை நீரில் ஊறவைத்தோம். மறுநாள் காலை பார்த்தால் பன்னிரண்டு தொட்டியின் வேரும் நல்ல நீலம். இலையில் ஒரு புள்ளி இல்லை.

வேர்கள் இருந்த கண்ணாடித் தட்டை அப்படியே கோபிநாத்தின் மேசையில் வைத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். அவருடைய செடிகள் என் செடிகளைவிட ஒரு சாண் குள்ளம். பிறகு, நன்றாகத்தான் வந்திருக்கிறது, மதிப்பீட்டுக் குழுவில் இதைத் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

"இல்லங்க சார். நானும் செவந்தி அக்காவும் பேசுறோம். ஏன் தண்ணி ஊத்துனாங்கன்னு அவங்களே சொல்லட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை.