அவள் பெயரில் வந்த வீல்சேர்

விமானப் பயணம் என்றால் மருமகனைத்தான் கேட்க வேண்டும். குடும்பத்தில் அப்படி ஆகிவிட்டது. யார் எங்கே பறந்தாலும் டிக்கெட் போடுவது அவன். சொந்தக்காரர்கள் அவனைப் 'பைலட்' என்று கூப்பிட்டார்கள். அவன் வேலை பார்த்தது ஒரு சிமெண்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவில். கோபித்துக்கொள்ள மாட்டான்.

மாமியாருக்கு டிக்கெட் போட அவன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டான். வார நடுவில் போனால் விலை குறைவு என்றான். நேராகப் போகாமல் நடுவில் ஓர் ஊரில் மாறிப் போனால் இன்னும் குறைவு. பெட்டிக்கான பணத்தை டிக்கெட்டோடு சேர்த்தே கட்டிவிட வேண்டும், கவுண்டரில் கட்டினால் மொட்டை அடித்துவிடுவார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாதி விலைக்குக் கிடைத்தது.

வேலை பார்த்த மருத்துவமனையில் மாமியாரை வார்டு அக்கா என்பார்கள். ஆண்கள் வார்டில் உதவியாளர். படுத்தவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, உட்கார்ந்தவர்களைத் தூக்கி நிற்க வைப்பது, இதுதான் வேலை. ஓய்வு பெற்றபின் மகள் வீட்டுப் பின்னறையில் வாஷிங் மெஷினோடு தங்கியிருந்தாள். இப்போது வெளிநாட்டில் ஒரு வேலை கிடைத்திருந்தது. பக்கவாதம் வந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்க் குடும்பம். அவருடைய பெண் வீடியோவில் பேசினாள்.

"அப்பா நல்ல உயரம். தூக்க முடியுமா?"

"முடியும்."

"முட்டி வலி?"

"இல்ல."

"முன்ன வந்தவங்களும் இல்லன்னுதான் சொன்னாங்க. வந்த மறுநாளே சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. திருப்பி அனுப்பிட்டேன். நானே ஏர்போர்ட்டுக்கு வருவேன். நீங்க நடந்து வர்றதைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

"பாருங்க" என்றாள் வார்டு அக்கா.

மகளுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை.

"அடுத்தவங்களைத் தூக்கினது போதாதா உனக்கு?"

"உன் துணியைத் தூக்கிக் காயப் போடறதுக்கு அது தேவல."

மகள் துணிக்கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

கிளம்பும் நாள் காலை மருமகன் எடை மெஷினை நடுக்கூடத்தில் வைத்தான்.

"அத்தை, பெட்டியோட ஏறி நில்லுங்க. அப்புறம் பெட்டி இல்லாம நில்லுங்க. கழிச்சா பெட்டியோட எடை."

"என் எடையும் தெரிஞ்சிடுமே, மாப்பிள்ளை."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லணுமா? பாத்தாலே தெரியுது" என்றாள் மகள், அடுப்படியிலிருந்து.

பெட்டி கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மருமகன் ஸ்வெட்டரையும் கனமான ஷூவையும் வெளியே எடுத்தான். "இதைப் போட்டுக்குங்க. பெட்டிக்குத்தான் எடை போடுவாங்க, உடம்புக்குப் போட மாட்டாங்க." காலி தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கைப்பையில் செருகினான். சோதனை தாண்டியபின் உள்ளே பிடித்துக்கொள்ளலாம், விலைக்கு வாங்க வேண்டாம். ஒரு மாற்று உடையும் மாத்திரைகளும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். பெட்டி தொலைந்தாலும் ஆள் தொலையாது என்றான்.

அவனுக்கு இதெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கும்.

விமான நிலைய வாசலோடு மகளும் மருமகனும் நின்றுவிட்டார்கள். டிக்கெட் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அவள் மட்டும் போனாள். கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை வாங்கிப் போட்டாள், கணினியைப் பார்த்தாள், புன்னகைத்தாள்.

"அந்த சோபால உட்காருங்கம்மா. வீல்சேர் வந்துடும்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

வார்டு அக்கா தள்ளி நின்று மருமகனுக்குப் போன் செய்தாள்.

"மாப்பிள்ளை, எனக்கு யாரு வீல்சேர் கேட்டது?"

அவன் குரலில் பெருமை இருந்தது. "நான்தான் அத்தை. சொல்லாம வச்சிருந்தேன். காசு கிடையாது, க்யூ கிடையாது. மாறுற ஊர்ல வழி தேடி அலைய வேண்டாம், அவங்களே கொண்டுபோய் கேட்ல விட்டுடுவாங்க. எல்லாரும் பண்றதுதான். எங்க பெரியம்மா போன வருஷம் அப்படித்தான் போனாங்க. அங்க போய் இறங்கி டான்ஸே ஆடினாங்க."

"உங்க பெரியம்மா பேரனைப் பாக்கப் போனாங்க. நான் வேலைக்குப் போறேன். என்னை வச்சுத் தள்ளிக்கிட்டுப் போய் வாசல்ல நிறுத்துவாங்க. அங்க அந்தப் பொண்ணு நிக்கும்."



"அத நான் யோசிக்கலையே அத்தை" என்றான் மெதுவாக.

போன் கை மாறியது.

"நான் யோசிச்சேன்" என்றாள் மகள்.

வார்டு அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"திருப்பி அனுப்பினா அனுப்பட்டும்மா. உனக்கு வீடு இல்லையா?"

"இருக்கு. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல."

போனை வைத்துவிட்டு கவுண்டருக்குத் திரும்பினாள்.

"எனக்கு வேண்டாம். எடுத்துடுங்க."

அந்தப் பெண் எதையோ தட்டினாள். "இங்க எடுத்துடலாம். மாறுற ஊருக்கும் போய்ச் சேர்ற ஊருக்கும் தகவல் போயிடுச்சு. அங்கங்க நீங்கதான் சொல்லிக்கணும்." கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு நல்லா நடக்க முடியும்தானே? ஏன்னா, நடக்க முடியாதுன்னு இதுல போட்டிருக்கு."

வார்டு அக்கா தூண் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"போதுமா? மாடி ஏதாவது ஏறணுமா?"

"போதும்மா, போதும்."

முதல் விமானம் நேரத்துக்கு இறங்கியது. கதவுக்கு வெளியே வீல்சேர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு பெயர்த் தாள். அவளுக்கு முன்னால் ஒரு அம்மாள் விமான இருக்கைக்கு மேலிருந்த அடுக்கிலிருந்து பையை எம்பி இறக்கினாள், இரண்டு பேரை முந்தினாள், வெளியே வந்ததும் "அப்பாடா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வீல்சேரில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகு வார்டு அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "உக்காருங்க, உக்காருங்க. வெக்கப்பட்டா முடியுமா? நான் காலையில வாக்கிங் முடிச்சிட்டுத்தான் கிளம்பினேன்."

"அப்போ எந்திரிச்சு நடங்க."

"நல்லா இருக்கே! நடந்தா க்யூல நிக்கணுமே."

கடைசி வீல்சேரில் வார்டு அக்காவின் பெயர் இருந்தது. பின்னால் நின்றவர் தொப்பை பெருத்த நடுவயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். நல்லவேளை, தமிழ் பேசினார்.

"எனக்கு வேண்டாம்" என்றாள்.

"வேண்டாம்னா எப்படி? உங்களை கேட்ல விட்டாத்தான் என் போன்ல இந்த வேலை முடிஞ்சதா காட்டும். இல்லன்னா சூப்பர்வைசர் என்னைப் பிடிச்சுக் கத்துவான். அடுத்த ஃபிளைட்டுக்கு உங்களுக்கு நேரமும் கம்மி. ரேட்டு கம்மின்னு இந்த டிக்கெட்டைப் போட்டிருப்பாங்க. சாதா க்யூவுக்குப் போனீங்க, அவ்வளவுதான், டாட்டா."

அவர் சொன்னது உண்மை. கண்ணாடிச் சுவர் வழியே சோதனை வரிசை தெரிந்தது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து நின்றது. விமானத்தை விட்டால் வேலை இல்லை. உட்கார்ந்தால் விமானம் கிடைக்கும். இந்த ஊரில் அவளைப் பார்க்க யாரும் இல்லை. இங்கே உட்கார்ந்துவிட்டு அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

யோசித்தாள். உட்கார மனம் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தாள். விமானத்திலிருந்து கடைசியாக இறங்கியவர். சுவரோரம் நின்று வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

"இவருக்கு?"

தள்ளுபவர் தாளைப் பார்த்தார். "இவரு பேரு இல்ல. முன்னாடியே புக் பண்ணணும்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் பெரியவர். "நானும் இங்க வேற ஃபிளைட் மாறணும். பையன் டிக்கெட் மட்டும்தான் அனுப்பினான். கேக்கணும்னு யாரும் சொல்லல."

வார்டு அக்கா கைப்பிடியிலிருந்த தன் பெயர்த் தாளைக் கிழித்துக் கைப்பையில் போட்டாள். பெரியவரின் அக்குளுக்கடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. அவர் எப்படி உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏம்மா, என்ன பண்றீங்க?"

"வண்டி யாரு பேர்ல வந்தது?"

"உங்க பேர்ல."

"அப்ப என் வண்டி. நான் தள்றேன், நீங்க வழி காட்டுங்க. உங்க சூப்பர்வைசருக்கு நானும் வந்து சேர்ந்திருப்பேன், வண்டியும் வந்து சேர்ந்திருக்கும்."

"வெளியாளுங்க தள்ளக் கூடாதும்மா."

"நான் வெளியாளா? என் பேரு உங்க போன்ல இருக்கா இல்லையா?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார்.

வாக்கிங் அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருந்தாலும் இவ்வளவு ரோஷம் ஆகாது" என்றாள், யாரிடம் என்றில்லாமல். அவள் வீல்சேர் நகரவில்லை. அவளைத் தள்ள வேண்டியவர் இன்னும் வந்திருக்கவில்லை.

வீல்சேருக்கான தனி வழியில் நேராகப் போனார்கள். குறுக்கு வழிதான். வார்டு அக்கா அதை மறுக்கவில்லை. சாய்வான பாதையில் வீல்சேரைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கினாள். பெரியவர் கைப்பிடியை விட்டுவிட்டு மடியில் கை வைத்துக்கொண்டார். அவருடைய கேட்டில் விட்டுவிட்டுத் தன்னுடைய கேட்டுக்கு ஓடினாள். ஓடும்போது ஸ்வெட்டருக்குள் வேர்த்தது. கதவை மூடப்போகிறவன் மாதிரி நின்றிருந்த ஒருவன் அவளைப் பார்த்துக் கையாட்டினான்.

சேர வேண்டிய ஊரில் மறுபடியும் ஒரு வீல்சேர் நின்றது. மறுபடியும் அவள் பெயர். இந்தமுறை பின்னால் நின்றது ஓர் உயரமான பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது. வார்டு அக்காவுக்கு அவள் பேசியது தெரியாது. ஒருத்தி இருக்கையைக் காட்டினாள். இன்னொருத்தி தலையை ஆட்டினாள். ஒருத்தி தாளைக் காட்டினாள். இன்னொருத்தி காலைக் காட்டினாள்.

வார்டு அக்கா நடந்தாள். உயரமான பெண் காலி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. நின்றால் நின்றது. கடன் கொடுத்தவன் மாதிரி விடவில்லை.

பெட்டி வந்ததும் அந்தப் பெண் முந்திக்கொண்டு அதை எடுத்து வீல்சேரில் உட்கார வைத்தாள். பெல்ட்டையும் மாட்டிவிட்டாள். தனக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். வார்டு அக்காவுக்கும் சிரிப்பு வந்தது.

வெளிவாசலுக்கு முன்னால் நின்றாள். பெட்டியை இறக்கிக்கொண்டு, இவளை இங்கேயே எப்படியாவது திருப்பி அனுப்பிவிடலாம். தனியாக நடந்து போகலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஒளித்துக்கொண்டு போக அவள் என்ன திருடிவிட்டாள்?

கதவு திறந்தது. அவள் முன்னால் நடந்தாள். வீல்சேர் பின்னால் வந்தது.

வேலைக்குக் கூப்பிட்ட பெண் தூணில் சாய்ந்து நின்றாள். வீடியோவில் பார்த்ததைவிட வயதானவளாகத் தெரிந்தாள். முதலில் வார்டு அக்காவின் காலைப் பார்த்தாள். பிறகு வீல்சேரைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான். வீட்டுல புக் பண்ணிட்டாங்க. நான் உக்காரல."

"ஏன் புக் பண்ணாங்க?"

"மருமகன் க்யூல நிக்கக் கூடாதேன்னு பண்ணாரு. மக, நீங்க என்னைத் திருப்பி அனுப்பணும்னு பண்ணா."

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தாள். "பெட்டிக்கு முட்டி வலியா?"

"அதுக்கு என்ன வலியோ. எனக்கு இல்ல."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இதையெல்லாம் எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? ஏதாவது ஒரு சாக்கு சொல்லியிருக்கலாமே. நான் நம்பியிருப்பேன்."

"நாளைக்கு உங்க அப்பா கீழ விழுந்தா அதையும் நான்தானே உங்ககிட்ட சொல்லணும். அப்ப நீங்க நம்பணும்ல?"

 யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதார்கள். உயரமான பெண் போனை நீட்டினாள். வார்டு அக்கா விரலால் கையெழுத்துப் போட்டாள்.

"திருப்பி அனுப்பறதுன்னா இங்கயே சொல்லிடுங்க" என்றாள். "வேற வேலை தேடிக்கிட்டுதான் வீட்டுக்குத் திரும்புவேன். அதுக்கு எனக்கு நேரம் வேணும்."

"கார் பார்க்கிங் மாடியில நிக்குது" என்றாள் அந்தப் பெண். "லிஃப்ட்ல ஒரே கூட்டம்."

"படி எங்க இருக்கு?"

அந்தப் பெண் கையை நீட்டினாள். "நீங்க ஏறுங்க. நான் லிஃப்ட்லயே வர்றேன். எனக்குப் படி ஆகாது."

தூணை விட்டு அவள் நகர்ந்தபோது வலதுகாலைத் தரையில் பார்த்துப் பார்த்து வைத்தாள். வார்டு அக்கா பெல்ட்டைக் கழற்றிப் பெட்டியை எடுத்தாள். உயரமான பெண் அந்த வலதுகாலைக் கவனித்தாள், காலியான வீல்சேரை அவள் பக்கம் திருப்பினாள்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது.

"வேண்டாம். அவங்க நடப்பாங்க" என்றாள் வார்டு அக்கா, தமிழிலேயே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள்.