நாற்பது மருத்துவச்சிகளுக்கு ஓர் இடம்

“பிரசவத்துக்குக் கூப்பிட்டுச் சேதி வந்தாலும் இந்த ஹோட்டல்காரங்க இடைவேள வரெக்கும் வெச்சிருப்பாங்களாம், அக்கா. கூட்டத்துக்கு நடுவுல கதவெத் தட்டினா மரியாதெ இல்லையாம்.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தெச் சொல்ற? அந்த மரியாதெ பொறக்கப்போற புள்ளெக்கும் தெரிஞ்சா நல்லம் எண்டு சொன்னேன்.”

நல்லம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடையை விரித்து இரண்டு தலைக்கும் சேர்த்துப் பிடித்தபடி ஹோட்டல் படிகளில் இறங்கினாள். எதிரே வாவியின் மேல் ஐப்பசி மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது.

நல்லம்மா ஹேவாஹெட்டயில் தோட்டத்து ஆஸ்பத்திரி மருத்துவச்சி. பக்கத்தில் நனைந்துகொண்டு வரும் கைரியா அக்குறணையில் மருத்துவச்சி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே வார்டில் படித்தவர்கள். ஒரே வெந்நீர் வாளியை ஆளுக்கொரு பக்கம் தூக்கியவர்கள். வருகிற தை மாதம், 1936ஆம் ஆண்டு பிறந்ததும், சர்வதேச மருத்துவச்சிமார் சங்கம் கண்டியில் கூடப்போகிறது. ஜாவா, மலாயா, ரங்கூன், சென்னை என்று நாற்பது பெண்கள், மூன்று நாள். இடம் பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் தந்தியடிக்க வேண்டியது நல்லம்மா பொறுப்பு. ‘இடையூறு எதுவும் இல்லாத இடமாக இருக்கட்டும்’ என்று லண்டன் காரியதரிசி எழுதியிருந்தாள். அவள் பிரசவம் பார்த்து எத்தனை வருஷமாயிற்றோ!

ஹோட்டலில் எல்லாம் இருந்தது. பியானோகூட இருந்தது. ஆனால் மண்டபத்துக்குப் போகும் வழி மதுச்சாலைக்குள்ளே போனது. அந்த வாசலில் கைரியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டிருந்தாள்.

“நீங்க இங்கேயே வைங்க அக்கா, நல்ல எடம். நான் மட்டும் வரல்ல.”

அந்த ‘மட்டும்’தான் நல்லம்மாவை அறுத்தது. கூட்டம் எங்கே நடந்தாலும் நடக்கும். ஆனால் கைரியா தான் பார்த்த பிரசவங்களைக் குறித்து வைத்திருக்கும் கொப்பி அங்கே வாசிக்கப்பட வேண்டும், அதுவும் கைரியாவின் வாயாலேயே. கால் முதலில் வந்த முப்பத்தொரு பிள்ளைகள், முப்பது பிழைத்தன. ஒவ்வொன்றுக்கும் கையை எங்கே வைத்தாள், எப்போது அவசரப்படாமல் சும்மா இருந்தாள் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தாள். போன மாசியில் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பரா ஒன்றில் வேலாயியின் பிள்ளை கால் நீட்டி வந்தபோது, அந்தக் கொப்பியில் படித்ததைத்தான் நல்லம்மாவின் கைகள் செய்தன. பிள்ளை இப்போது தவழ்கிறது.

அடுத்து ஒரு பள்ளிக்கூட மண்டபம் பார்த்தார்கள். தகரக் கூரை. உள்ளே நின்று நல்லம்மா தொண்டை கிழியக் கத்தினாள். மறுகோடியில் நின்ற கைரியா காதருகே கையைக் குவித்துக் காட்டினாள். மழைதான் பேசியது.

“வாங்க, எங்கட ஊட்டுக்குப் போய்த் தல தொவட்டுவோம்” என்றாள் கைரியா.

அக்குறணையில் மாத்தளை றோட்டை ஒட்டிக் கைரியாவின் வாப்பா சாஹுல் ஹமீதின் இரும்புக் கடை, அதற்குப் பின்னால் வீடு, மேலே மாடி. பஸ் கடை வாசலிலேயே நின்றது. அந்தத் தெருவுக்கு ஒரே டெலிபோனும் கடையில்தான் இருந்தது. மாடிக்குப் போகும் படியோ வீட்டுப் பக்கமாக, தனியாக, பெண்கள் மட்டும் புழங்கும் முற்றத்திலிருந்து ஏறியது. நல்லம்மா துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக் கூரை, மழை அதில் முணுமுணுத்தது, அவ்வளவுதான்.

“மேல என்ன புள்ள இருக்கு?”

கைரியா கூட்டிப்போய்க் கதவைத் திறந்தாள். நீளமான அறை. வெளிர்பச்சைச் சுவர். புதுப் பாய்கள் சுருட்டிச் சாத்தியிருந்தன. பெரிய கண்ணாடி ஒன்றை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். நல்லம்மா காலெடுத்து வைக்கப் போனாள். கைரியா முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“போவாணாம். எனக்கு வாரப்போற மாப்பிள்ள ஊட்டாக்கள்தான் மொதல்ல மிதிக்கணும் எண்டு வாப்பா வெச்சீக்குது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் அவரே ஏணி வெச்சு அடிப்பாரு. இது ஏழாவது சுண்ணாம்பு.” சிரிக்கப் பார்த்தாள். “சொவர் தடிச்சுக்கொண்டே வருது. இன்னும் ரெண்டு வருஷம் போனா மாப்பிள்ளைக்கு நிக்க எடமில்லாமப் போகும்.”

“கைரியா, இந்த எடம்…”

“கேக்காதீங்க அக்கா. அந்த மனிசன்ட மனசு நோகும். நான் கொப்பியத் தாரேன், நீங்களே வாசிங்க.”

கீழே தேநீர் வந்தது. சாஹுல் ஹமீது கதிரையை இழுத்துப் போட்டார்.

“எடம் கெடச்சா, நல்லம்மா?”

“ஒரு எடத்துல சாராயம், மொதலாளி. ஒரு எடத்துல மழை.”

“ரெண்டும் கண்டீல எங்கேயும் ஈக்குதே!” என்று சொல்லி அவரே சிரித்தார்.

அப்போது டெலிபோன் மணி அடித்தது. அவர் காதில் வைத்துக் கேட்டார், முகம் மாறியது.

“மகள், நீ பாத்துக்கொண்டு வார றம்லத்துக்குப் பிரசவ நோவு வந்துட்டாம். மாத்தளப் பக்கம் ரெண்டாம் மைல் கட்டயில ஊடு.”

கைரியா கோப்பையை வைத்த சத்தம் கேட்டது. பிறகு பை, குடை, செருப்பு. மாத்தளை பஸ் தூரத்தில் வரும்போதே சாஹுல் ஹமீது றோட்டுக்கு இறங்கிக் கையை நீட்டி நிறுத்தினார். மகள் ஏறி உட்காரும்வரை பஸ்ஸின் படியைப் பிடித்துக்கொண்டே நின்றார். மணி அடித்து இவ்வளவும் நடந்து முடிந்தபோதும் நல்லம்மாவின் தேநீரில் ஆவி அடங்கவில்லை.

பஸ் வளைவில் மறைந்த பிறகும் அவர் மழையிலேயே நின்றார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“பாருங்க, ஒரு வாய்கூடக் குடிக்கல்ல” என்றார். “சின்ன வயசிலேயே அப்பிடித்தான். யாருக்காவது நோவு எண்டா சும்மா இருக்கேலா அவளுக்கு.”

நல்லம்மா குடையை எடுத்துக்கொண்டு போய் அவர் தலைக்கு மேல் பிடித்தாள். கேட்காதே என்றுதான் கைரியா சொல்லியிருந்தாள். ஆனால் இன்று புதன்கிழமை.

“மொதலாளி, அவ எழுதி வச்சிருக்கிறத ஒலகமே கேக்கணும், அவ வாயால. ஹோட்டலுக்கு அவ வரமாட்டா.” குடையை இன்னும் அவர் பக்கமாகச் சாய்த்தாள். “மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து மிதிக்கிறதுக்கு முன்னால, அந்த மாடியில நாங்க நாப்பது பொம்பளைங்க வந்து ஒக்காரலாமுங்களா?”