காப்பு அவிழாத ராக் குழு

1961-இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கப்பல், ராவுல் அதில் ஏறியிருந்த வரைக்கும் தீவின் போர்ட் லூயி துறைமுகத்தை விட்டு நகரவில்லை. நங்கூரம் எடுத்தாயிற்று, கயிறு அவிழ்த்தாயிற்று, புகைபோக்கி கரும்பாலைக்குப் போட்டியாகப் புகை விட்டது. கப்பல் மட்டும் வீம்பு பிடித்த மாடு மாதிரி நின்றது. கடைசியில் காத்து அலுத்து ராவுல் பெட்டியோடு இறங்கினான். அவன் கால் படியை விட்டதும் கப்பல் கிளம்பிவிட்டது. வழியனுப்ப வந்த அத்தைக்குக் கைக்குட்டையை எடுக்கக்கூட அவகாசமில்லை. அந்த வாரம் சர்க்கரை விலை கொஞ்சம் ஏறியிருந்ததால் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதவில்லை.

காரணம் திருவேங்கடத்துக்குத் தெரியும். அவன் கட்டிய மஞ்சள் கயிறு ராவுலின் சட்டைக் கைக்குள் இருந்தது.

அது ராக் குழுவின் கயிறு. ரெதுயி வேளாண் கல்லூரியில் 1959-இல் தொடங்கிய குழு. தீவில் அப்போது பல்கலைக்கழகமே கிடையாது. ஆனாலும் சுவரொட்டியில் ‘பல்கலைக்கழக ராக் குழு’ என்று போட்டார்கள். பல்கலைக்கழகம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்றான் செர்ஜ். டிரம்ஸ் வாசித்த இந்த செர்ஜ் சாமி போ பசான் ஊர்க்காரன், பாண்டிச்சேரியிலிருந்து கப்பலேறிய தச்சர் வம்சம். பெயரில் மிஞ்சியிருந்த சாமியை ஏதோ பழைய பிரெஞ்சுப் பெயர் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். ராவுல் பேஸ் கிட்டார். சேன் பியேர் கரும்புத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்த்த சர்தாரின் மகனான திருவேங்கடம் லீட் கிட்டார். பாடியவள் அர்லெத், கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். அவள் வாய் திறந்தால் பக்கத்துச் சோதனைக் கூடத்தில் விதைகள் நாளுக்கு முந்தியே முளைத்தன. பேராசிரியர் ஒருவர் அதைப் புது உரத்தின் பலன் என்று கட்டுரை எழுதிப் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார்.

ஒத்திகைக்கு ஒருவர் வந்தால் ஒருவர் வரமாட்டார். தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் காப்புக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த திருவேங்கடம், ஒருநாள் மஞ்சள் தடவிய கயிற்றோடு வந்தான். கச்சேரி முடிகிற வரை யாரும் விலகக்கூடாது என்று மூன்று பேர் மணிக்கட்டிலும் கட்டினான். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக்கூடாது, காரியம் முடிந்த பிறகு கட்டின கையே அவிழ்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்த விதி. ராக் கச்சேரிக்குக் கட்டலாமா என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அவன் கையில் அர்லெத் கட்டினாள். முடிச்சைக் குனிந்து பல்லால் இறுக்கினாள். அந்த இடத்தில் பட்ட மூச்சின் சூடு பிறகு எந்தக் குளிர்காலத்திலும் ஆறவில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம் உட்பட.

அந்தக் குழுவின் ஒரே கச்சேரி 1960 பிப்ரவரியில், கரோல் புயலுக்கு முந்தின சாயங்காலம், ரோஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கடைசிப் பாட்டு அர்லெத்தே எழுதியது. அது பாதியை எட்டியபோது காற்று ஒரு சுற்றுச் சுற்றி மின்சாரத்தைக் கொண்டுபோயிற்று. கிட்டார்கள் ஊமையாயின. ஜன்னலுக்குப் பலகை அடிக்க ஜனங்கள் வீட்டுக்கு ஓடினார்கள். கைதட்டத் தூக்கிய கைகளைத் தட்டாமலே எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் தீவில் பாதிக் கூரைகளைக் காணோம். பாதிப் பாட்டைப் பற்றி யார் கவலைப்படுவது? அப்புறம் பரீட்சை, அப்புறம் உத்தியோகம். குழு கலைந்தது.

காப்பு கலையவில்லை. கத்தரிக்கோல் வைத்தால் கத்தரிக்கோல்தான் மழுங்கியது. எது எல்லை என்று யாரும் சொல்லாததால், தீவுக்கு எல்லை கடல்தான் என்று காப்பே முடிவு செய்துகொண்டது. ராவுலுக்குக் கப்பல் நின்ற மறு வருடம், தேனிலவுக்குப் பக்கத்துத் தீவான ரெயூனியனுக்குக் கிளம்பிய செர்ஜின் விமானம் ஓடுதளத்தில் ஓடி ஓடிக் களைத்துக் கடலோரம் உட்கார்ந்துவிட்டது. அவிழ்க்க வழி நாலு பேருக்கும் தெரியும், பாட்டை முடிக்க வேண்டும். ஆனால் யாருக்கும் நேரமில்லை, போகப்போக மானமும் இடம் கொடுக்கவில்லை. கெட்டிக்காரர்கள் எல்லாரும் லண்டனுக்குப் போய்விட, இங்கே காலியான நாற்காலிகள் போக வழியற்றவர்களுக்கு வந்தன. ராவுல் சர்க்கரைத் தோட்ட மேனேஜரானான், செர்ஜ் நகரசபை உறுப்பினரானான். அர்லெத்தின் குரல் வானொலிச் செய்தியாகத் தீவு முழுக்கக் கேட்டது; செய்தி நேரத்தில் கொல்லைப்புறத்துக் கொத்தமல்லி சரசரவென முளைப்பதை வீட்டுப் பெண்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். வெளிநாட்டு மோகத்தை உதறிய தேசப்பற்றாளர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ராவுல் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினான். திருவேங்கடத்துக்குத்தான் எல்லாவற்றிலும் பொருத்தமான வேலை கிடைத்தது: பிறக்கப்போகும் நாட்டின் வெளிவிவகாரத் துறை.

1968 தொடக்கத்தில், சுதந்திரத்துக்குப் பயந்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம், அர்லெத் அவன் அலுவலகத்துக்கு வந்தாள். பேச்சு தீவின் கிரியோல் மொழியில்தான். அவன் பெயரை அவள் எப்போதும் பிரெஞ்சுக்காரி மாதிரி இழுப்பாள்.

“தீரூ, அம்மாவும் தம்பியும் பெர்த்துக்குப் போயாச்சு. எனக்கும் டிக்கெட் வந்தாச்சு. என் கப்பலை நிறுத்தி வைக்காதே.”

“நாடே பிறக்கப்போகுது, இந்த நேரத்துல...”

“அதைத் தினம் ரேடியோவுல சொல்றவளே நான்தான். எனக்கே நியூஸ் வாசிக்கிறியா? அம்மாவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. என் குரலைக் கேட்டாத்தான் சாப்பிடுவாளாம்.”

பாட்டு முடிந்தால் அவள் போய்விடுவாள், முடியாவிட்டால் இங்கேயே இருப்பாள்; கணக்கு அவ்வளவுதான். அவன் அதைச் சில வாரம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, மற்ற இருவருக்கும் சொல்லி அனுப்பினான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் ராவுலின் தோட்டத்துச் சர்க்கரைக் கிடங்கில் கூடினார்கள். “கதவைச் சாத்து. மேனேஜர் ஆடுறதைத் தொழிலாளிங்க பார்த்தா என்ன ஆறது?” என்றான் ராவுல். செர்ஜுக்கு டிரம் எட்டவில்லை. “தொப்பை குறுக்கே நிக்குதே!” “அதையே தட்டு, அதுவும் தோல்தான்” என்றாள் அர்லெத். திருவேங்கடம் சுருதி சேர்த்தான், மறுபடி சேர்த்தான், சேர்த்ததைக் கலைத்துச் சேர்த்தான். “என்னப்பா, புது நாட்டுக்கே சுருதி சேர்க்கிறியா?” என்றான் செர்ஜ்.

எட்டு வருடத்துக்கு முன்பு நின்ற இடத்திலிருந்தே பாட்டு தொடங்கியது. மூட்டைகளுக்கு அடியில் சிந்திக்கிடந்த புல்விதைகள் பச்சையாகக் கிளம்பின. கடைசிச் சுரம் அவன் கிட்டாரில். விரலை ஒரு கட்டை தள்ளி வைத்தால் போதும், பாட்டு முடியாது, அவள் போகமாட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விரல் சரியான இடத்தில் விழுந்தது.

அந்த நொடியில் தீவெங்கும் அந்தப் பழைய கச்சேரிக்கு வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்போடு தட்டினார்கள். ஒரு சவ ஊர்வலத்தின் முன்னால் நடந்த ஓய்வுபெற்ற நீதிபதி, எவ்வளவு அடக்கியும் முடியாமல், கடைசி வரை தட்டினார்.

திருவேங்கடம் தொட்டதும் மூன்று காப்புகளும் அவிழ்ந்தன. மிச்சம் அவனுடையது. அதை அர்லெத்தான் அவிழ்க்க வேண்டும்.

“கையைக் கொடு” என்றாள்.

“எனக்கு எங்கே போகணும்?”

“வெளிவிவகாரம் பேசற பேச்சா இது!” என்று ராவுல் சிரித்தான். அர்லெத் சிரிக்கவில்லை. அவன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு குனிந்து, தளர்ந்திருந்த முடிச்சைப் பல்லால் இன்னொரு தரம் இறுக்கினாள்.

சுதந்திரக் கொடி ஏறிய சில நாளில் அவள் கப்பல் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் போயிற்று. கரையில் நின்று பார்த்தவனுக்கு, கொஞ்சம் தாமதித்திருக்கலாமே என்று இருந்தது. அந்த வருடம் தீவில் கொத்தமல்லி விலை ஏறியது. புது அரசு அவனை ஒரே ஒரு தரம் லண்டனுக்கு அனுப்பிப் பார்த்து, கப்பல் கம்பெனியின் புகாருக்குப் பிறகு விட்டுவிட்டது. அதிலிருந்து போர்ட் லூயியில் கப்பல் புறப்படுமுன் தண்ணீர் ஏற்றியாயிற்றா, தபால் ஏற்றியாயிற்றா என்று விசாரிக்கிற துறைமுக அதிகாரி, திருவேங்கடம் ஏறியிருக்கிறாரா என்றும் கேட்பார். இல்லை என்று பதில் வந்ததும் சங்கு ஊதுவார்கள்.