இதழ்களுக்கு நடுவே வெள்ளை

சித்திரை வீதி வீட்டை விற்றுவிட்டுத் திருவானைக்காவல் ஃப்ளாட்டுக்குக் குடிவந்ததிலிருந்து வீரராகவன் பெருமாள் முன்னால் உட்காருவதில்லை. காலையில் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு வருவார். பெருமாள் இருக்கும் மாடமான கோயிலாழ்வாரின் கதவைத் திறந்து, நின்றபடியே அவருக்கு ஒரு பழத்தைக் கண்டருளப் பண்ணிவிட்டு மூடிவிடுவார். இதே மனிதர் பழைய வீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பாசுரம் சேவிப்பார். மார்கழியில் எதிர்வீட்டுக்காரர்கள் அவர் குரலைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

“ஏம்ப்பா உக்கார மாட்டேங்கறேள்?” என்று மகள் ப்ரியம்வதா கேட்டால், “ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்தாப்பல இருக்குடி. வாயைத் திறந்தா டோக்கன் நம்பர்தான் வரும்” என்பார்.

பில்டர் போட்டுக் கொடுத்த தரை அப்படித்தான் இருந்தது. ட்யூப்லைட் அதில் நீளமாகப் படுத்துக் கிடந்தது.

பழைய வீட்டின் பெருமாள் அறையில் கையால் செய்த பீங்கான் டைல்கள். நீலத்தில் எட்டிதழ்ப் பூ, இதழ்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு. ஒரு டைலின் நீலம் மயில்கழுத்து. பக்கத்து டைலிலோ அது மழைக்கு முந்தைய வானம். ஒன்று லேசாக மேடு, ஒன்று பள்ளம். ஜுரம் வந்தால் ப்ரியம்வதா அதில்தான் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். மூலையில் இருந்த ஒன்றில் செய்தவரின் கட்டைவிரல் பதிந்திருந்தது. அவள் விரல் அதற்குள் சரியாகப் பொருந்துகிற வயது ஒன்று வந்து, தாண்டியும் போயிற்று.

சாமான் கட்டுகிற அவசரத்தில் தரையை யார் நினைத்தார்கள்? வீடு இடிபட்டபோது அதுவும் லாரியில் ஏறிப் போய்விட்டது.

அந்தத் தரை திரும்ப வந்தால் அப்பா உட்காருவார் என்று ப்ரியம்வதாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் பாலக்கரைக்குப் போனாள். அங்கே ஒரு சந்தில், மாடியில் மின்சாரச் சூளை வைத்துக் கையாலேயே டைல் செய்கிறாள் ஆரிஃபா. துபாயிலிருந்த அண்ணன் வாங்கிக் கொடுத்த சூளை. காபி கடைக்காரர்களும் புது வீடு கட்டுகிறவர்களும் அவளைத் தேடி வருவார்கள்.

ப்ரியம்வதா காகிதத்தில் பூவை வரைந்து காட்டினாள். ஆரிஃபா மரத்தில் அச்சு செதுக்கி, களிமண்ணை அழுத்தி எடுத்து, பள்ளமாக விழுந்த கோடுகளில் பளபளப்புக்கான வெள்ளை கிளேஸ் பூச்சை ஊற்றிச் சுட்டுத் தந்தாள். பூ அதேதான். நீலமும் அதேதான். ஆனால் அந்த வெள்ளை சரியில்லை.

“பல்லு கட்டின மாதிரி பளபளன்னு இருக்கு, ஆரிஃபா.”

அடுத்த முறை கொஞ்சம் மங்கலாகச் செய்தாள். அது தயிர் மாதிரி இருந்தது. அதற்கடுத்தது சுண்ணாம்பு மாதிரி.

“யா அல்லாஹ்! வெள்ளையில இத்தனை வெள்ளை இருக்குன்னு உங்ககிட்டதாங்க்கா தெரிஞ்சுக்கிட்டேன்” என்று ஆரிஃபா தலையில் கை வைத்துக்கொண்டாள். “இந்தாங்க, இதுல கோட்டை வெறும் மண்ணாவே விட்டிருக்கேன். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாருங்க. என்ன வெள்ளை வேணும்னு நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்.”

நீல இதழ்களும் செம்மண் கோடுகளுமாக அந்த டைல் சமையல் மேடையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை ப்ரியம்வதா வாசலில் மாக்கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். டைல் இடைஞ்சலாக இருந்ததால் அரிசிமாவுக் கையோடு அதை நகர்த்தி வைத்தாள். மாவு ஒழுகிப் பூவெல்லாம் அப்பிக்கொண்டது. ஐயோ என்று ஈரத்துணியால் துடைத்தாள். இதழ்களின் வழவழப்பில் மாவு போய்விட்டது. சொரசொரப்பான கோடுகளில் மட்டும் தங்கிவிட்டது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இதுதான். இந்த வெள்ளைதான்.

அந்தத் தரையில் வெள்ளை கிளேஸ் என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்மா அரவிந்தவல்லி தினமும் பெருமாள் முன்னால் மாக்கோலம் போட்டாள். மறுநாள் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். துடைக்கத் துடைக்கக் கோடுகளில் தங்கிய மாவைத்தான் இவள் டைலின் வெள்ளை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு தரை மங்கிவிட்டது என்று இவளே வருத்தப்பட்டிருக்கிறாள். வாசலுக்குக் கோலம் போட ஆள் வந்தாள். பெருமாள் அறைக்கு யாரும் போடவில்லை.

“வெள்ளையே வேண்டாம், ஆரிஃபா. இப்படியே செஞ்சு கொடு” என்று போனில் சொன்னாள்.

“அல்ஹம்துலில்லாஹ்! நான் பொழச்சேன்” என்றாள் அவள்.

டைல் பதித்து முடிந்த மறுநாள், விடிவதற்குள் எழுந்து ப்ரியம்வதா பெருமாள் அறையில் மாக்கோலம் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் கோலம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மாவு கோடுகளில் இறங்கிக் காய்ந்தது. ஓரங்களைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

வீரராகவன் வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கால் கட்டைவிரலால் ஒரு பூவைத் தடவிப் பார்த்தார். பிறகு கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

“கோணலா போட்டிருக்கே.”

“நாளைக்கு நேரா போடறேம்ப்பா.”

“உங்கம்மாவும் கல்யாணமான புதுசுல கோணல்தான். நான் சொன்னா, பெருமாள் ஒண்ணும் ஸ்கேல் வெச்சுப் பாக்கமாட்டார்னு சண்டைக்கு வருவா.”

சொல்லிக்கொண்டே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கோயிலாழ்வார் கதவைத் திறந்தார். தொண்டையைக் கனைத்தார். முதல் அடி கரகரப்பாக வந்தது. இரண்டாவது அடியில் குரல் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. ப்ரியம்வதா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாசுரம் சட்டென்று நின்றது. “என்னடி நின்னுண்டிருக்கே? தளிகை ஆச்சா? பெருமாள் எத்தனை நாளா வெறும் வாழைப்பழத்தோட இருக்கார், பாவம்!”

அரிசி இன்னும் களையக்கூட இல்லை. அவள் சமையலறைக்கு ஓடினாள்.