ஆறு இன்னும் உறைந்திருக்கட்டும்

இளவேனில் எல்லா நாட்டிற்கும் ஒரே முகத்தோடு வருவதில்லை. நம் பழம்புலவர்களுக்கு அது மாந்தளிர் சிவப்பதிலும், குயில் குரல் தெளிவதிலும், வேம்பின் பூ உதிர்ந்து நிலம் வெளுப்பதிலும் வந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஜொகூரின் சிகாமட்டிலோ அதற்கு வருகையே இல்லை. மழை விட்டால் வெயில், வெயில் விட்டால் மழை. பூமியின் வடதலையில், கனடாவின் பனிக்காடுகளுக்கு நடுவில், அது தவம் கலையும் முனிவனைப் போல மெல்லக் கண் திறக்கிறது. மாதக்கணக்கில் கல்லாகிக் கிடந்த ஆறு முதலில் ஒரு பெருமூச்சு விடும். பகலில் பனிக்கட்டியின் மேல் நீர் கண்ணாடியாய்ப் படரும். இரவில் அதுவே மீண்டும் இறுகும். மரக்கிளைகள் தாம் சுமந்த வெண்சுமையை ஒவ்வொன்றாய் இறக்கிவைக்கும். பொழுது நாள்தோறும் நீள, கதிரவன் விடைபெற மனமின்றிக் காட்டின் விளிம்பில் நிற்பான். உறைவதா உருகுவதா என்று நிலமும் நீரும் தயங்கும் பருவம் அது.

அந்தத் தயக்கத்தின் அக்கரையில்தான் வீரமுத்துவின் ஒரே மகள் லோஷினி இருந்தாள்.

வீரமுத்து சிகாமட்டில் டயர் கடை வைத்திருப்பவர். லோஷினி தாதியாகப் படித்து, அந்த வடநாட்டில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்தாள். சித்திரையில் அவளுக்குத் திருமணம். மாப்பிள்ளை கவின் ஜொகூர் பாருவில் குடியிருந்து, நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். பத்திரிகை அச்சாகி, மண்டபம் பேசி, மணப்பெண் வந்து இறங்குவது ஒன்றே பாக்கி.

தைப்பொங்கலன்று லோஷினி தொலைபேசியில் வந்து, "இங்க மைனஸ் நாப்பது அப்பா, கண் இமை ஒட்டிக்குது" என்று சிரித்தாள். மின்விசிறிக்கடியில் வேர்த்துக்கொண்டிருந்த வீரமுத்துவால் சிரிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறே கோயிலுக்குப் போனார். நவக்கிரக மேடையின் நடுவில் நிற்கும் சூரியனுக்குச் செந்துகில் சாத்தி, கோதுமை படைத்து, நெய்விளக்கு ஏற்றினார். மகள் இருக்கும் ஊரில் வெயில் ஏற வேண்டும்; அதுவே அவர் கேட்ட வரம். அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கைத்தொலைபேசியில் அவ்வூரின் வெப்பநிலை ஒரு பாகை ஏறினாலும் பந்தாட்டத்தில் கோல் விழுந்ததைப் போலக் கடையில் அறிவிப்பார். பங்குனி பிறந்ததும் எண் விறுவிறுவென்று ஏறியது. கதிரவன் தம் பேச்சைக் கேட்கிறான் என்ற பூரிப்பு அவருக்கு.

ஒரு வியாழன் காலை, கடை திறக்கும் நேரத்தில் லோஷினி அழைத்தாள். அங்கே அது முந்தின நாளின் மாலை.

"பார்த்தியாம்மா? பிளஸ் ஆறு! எல்லாம் சூரிய பகவான் தயவு. இன்னும் ஏத்துங்கன்னு சொல்லியிருக்கேன்," என்றார் வீரமுத்து.

"அப்பா, நீங்கதானா அது? அலமாக்! தயவு செஞ்சு நிப்பாட்டுங்க!"

அவள் விவரமாகச் சொன்னாள். அவள் ஊரிலிருந்து வெளியே வர உறைந்த ஆற்றின் மேலே போகிற பாதை ஒன்றுதான் வழி. விமானத்திடல் கிடையாது. பனிக்கட்டி மெலிந்துவிட்டது, லாரிகளை நிறுத்திவிட்டார்கள், சிறு வண்டிக்கு மட்டும் அனுமதி. இன்னும் சில நாள் இப்படி வெயில் காய்ந்தால் பாதையை மூடிவிடுவார்கள். அதன்பின் பனிக்கட்டி உடைந்து ஓடி, படகுத்துறை திறக்க வாரக்கணக்காகும்.

"ஹெலிகாப்டர்?" என்றார் வீரமுத்து.

"அது உயிர் போற அவசரத்துக்குத்தான். கல்யாணத்துக்கு வராது லா."

"அப்போ இன்னைக்கே கிளம்பி வந்துரு."

"எப்படி அப்பா? எனக்குப் பதிலா வர்ற தாதி ஞாயித்துக்கிழமைதான் வர்றாங்க. ஊர்ல வேற யாரும் இல்ல. ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல். விட்டுட்டு வந்துடவா?"

"வேணாம்மா," என்றார் வீரமுத்து. "இருந்து பார்த்துட்டு வா."

திங்கள் விடியலில், பனிக்கட்டி நன்றாக இறுகியிருக்கும் வேளையில், கடக்கலாம் என்றாள். இரவில் வானம் தெளிந்திருக்க வேண்டும். மேகம் மூடினால் கம்பளி போர்த்தியது போலாகி, ஆறு இறுகாது.

செய்தி கேட்ட மனைவி வாசுகி தலையில் கைவைத்துக்கொண்டு அமர்ந்தாள். "ஏங்க, ஊரு உலகத்துல அப்பனுங்க பொண்ணு கல்யாணத்துக்கு மழை வரக்கூடாதுன்னு வேண்டுவாங்க. நீங்க பொண்ணே வரக்கூடாதுன்னு வேண்டியிருக்கீங்க!"

"எனக்கு என்ன தெரியும்? பிள்ளைக்குக் குளிருமேன்னு…"

"கல்யாணத்துக்குச் சாப்பாடு இல்லாட்டிகூட சமாளிச்சிடலாம். பொண்ணு வேணும்ல?"

கவினிடமும் சொல்லவேண்டியதாயிற்று. அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, "மாமா, நான் தினம் காஸ்வே பாலத்து ஜேம்ல நிக்கிறேன். அவளுக்கு ஜேமே இல்ல, ரோடே கரையுது," என்றான். "சேப்டியா வரட்டும் மாமா. லேட்டானா பரவால்ல."

ஞாயிறன்று வீரமுத்து கோயிலுக்குப் போனார், விளக்கு ஏற்றவில்லை. சூரியன் முன் கைகட்டி நின்றவரைக் குருக்கள் கண்டார்.

"என்ன, இன்னிக்கு விளக்கைக் காணோம்? கொடுத்ததைத் திரும்பக் கேக்க வந்தீங்களா?"

"விளக்கெல்லாம் அவருகிட்டயே இருக்கட்டும் சாமி. அங்க வெயிலை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லணும்," என்று நடந்ததைச் சொன்னார்.

குருக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தென்கிழக்கு மூலையைக் காட்டினார். "குளிர்ச்சி சந்திரன் இலாகா. நாளைக்குத் திங்கள், அவரோட நாள். வெள்ளைத் துணியும் பச்சரிசியும் கொண்டு வாங்க."

"இவரு கோவிச்சுக்க மாட்டாரா?"

"ரெண்டும் ஒருத்தனோட கண்ணுதானே? ஒரு கண்ணு மூடினா இன்னொரு கண்ணு கோவிச்சுக்குமா?"

திங்களன்று பகல் முழுதும் சிகாமட் கொதித்தது. வீரமுத்து சூடேறிய டயர்களைக் கழற்றி மாட்டும்போதெல்லாம், அங்கே இப்போது இரவு என்று எண்ணிக்கொண்டார். மகளின் வண்டியில் பனிக்கென்று ஆணி பதித்த டயர். காற்று சரியாக இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுவிட்டார். மாலையில் குளித்து, வாசுகி தொடுத்த மல்லிகையோடு இருவரும் கோயிலுக்குக் கிளம்பியபோது, மேற்கே கருமேகம் திரண்டு இடி உருண்டது. வீரமுத்துவின் முகம் சுருங்கியது.

"இது நம்ம ஊரு மேகம்," என்றாள் வாசுகி. "இது அம்புட்டு தூரம் போவாது. வாங்க."

மாலைப் பூசையின் மணி ஒலிக்கையில் அங்கே விடியற்பொழுது. சந்திரனுக்கு வெண்துகில் சாத்தப்பட்டது. தண்ணிலவே, இன்னும் ஒரு நாழிகை மட்டும் அந்த ஆற்றைப் பிடித்துக்கொள் என்பதைத் தவிர வீரமுத்துவுக்கு வேறு சொல் எழவில்லை. வெள்ளத்தில் பாலம் மூழ்கக் கண்ட ஊர்க்காரர்தான். ஆனால் ஆறே பாலமாகி, அந்தப் பாலத்தின் மேல் மகள் வருவதை நினைக்க அவர் உள்ளங்கால் கூசியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தீபாராதனை முடிந்தது, திருநீறு வாங்கியாயிற்று, தொலைபேசி ஒலிக்கவில்லை. வாசுகி வாய்க்குள் ஒரு பதிகத்தை முடித்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

பிறகு அழைப்பு வந்தது.

"அப்பா, கரை ஏறிட்டேன்!" லோஷினிக்கு மூச்சு வாங்கியது. "நடுவுல ஒரு இடத்துல டொம்முன்னு சத்தம். உயிரே போயிடுச்சு. நீங்க எப்பவும் சொல்றாப்பல பிரேக்கத் தொடாம மெதுவா வந்துட்டேன். வானம் அப்படித் தெளிவா இருந்துச்சு. யாருகிட்ட வேண்டினீங்க?"

"ஆளு மாத்திட்டோம்மா," என்றார் வீரமுத்து. கண்ணீர் சொட்டி உள்ளங்கையிலிருந்த திருநீற்றைக் கரைத்தது. வாசுகி தொலைபேசியைப் பிடுங்கி, "காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று தொடங்கினாள்.

"சாப்பிட்டேம்மா. ஊர்க்காரங்க மீன் கட்டிக் குடுத்தாங்க. ஆறு எப்ப உடையும்னு அவங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க. உடைஞ்சாத்தான் படகு, வலை எல்லாம்."

அது காதில் விழுந்ததும் வீரமுத்து ஒரு நெய்விளக்கை ஏற்றிக்கொண்டு, நேற்று வெறுங்கையோடு நின்ற இடத்திற்கே போய், சூரியன் திருவடியில் வைத்தார். திரி நிமிர்ந்து எரிந்தது. ஐயனே, இனி உன் விருப்பம். அந்த மக்களின் ஆற்றைத் திறந்துவிடு என்று வணங்கி, நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தார்.

கடக்க வருவோர்க்கு ஆறு கல்லாகித் தாங்குக. கடந்தபின் நீராகி ஓடுக. குளிரில் நடுங்குவோர்க்கு வெயிலும், வெயிலில் வாடுவோர்க்கு மழையும் உரிய காலத்தே வந்து சேர்க. வடக்கிலும் தெற்கிலும் எல்லா உயிரும் இனிது வாழ்க.