விசுவாசம் யாருக்கு?

கல்லூரியில் அவருக்கு ‘ஆதாரம் சார்’ என்று பெயர். மேலைத் தத்துவம் நடத்துகிறவர். கடவுள் உண்டு என்று எவனாவது வகுப்பில் சொன்னாலும் சரி, இல்லை என்று சொன்னாலும் சரி, “ஆதாரம்?” என்று கையை நீட்டுவார். கண்ணால் காண்பது, யோசித்து அறிவது, பிறர் சொல்லக் கேட்பது, இந்த மூன்றை விட்டால் அறிவு வர வேறு வழி இல்லை என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பொறாமை வந்தது. அது வழி கேட்டுக்கொண்டா வரும்?

அவர் மனைவி மொழிபெயர்ப்பாளர். இறைநம்பிக்கையும் பகுத்தறிவும் பற்றிய தடித்த பாடநூல் ஒன்றை, அவர் துறையிலேயே வேலை பார்க்கும் தாடிக்காரரோடு சேர்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வாயைத் திறந்தால் தாடிக்காரர் புராணம்தான். ஆதாரம் சாருக்குச் சாப்பாடு இறங்காது. இருபது வருஷம் தத்துவம் நடத்தியவன் வீட்டிலேயே குத்துக்கல்லாட்டம் இருக்க, அடுத்தவனிடம் போய் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சுப்படி அவள் மேஜையில் கிடந்தது. புரட்டினார். ஓரத்தில் தாடிக்காரர் கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘விசுவாசம் வீட்டுக்காரருக்கே இருக்கட்டும். நமக்கு நம்பிக்கை போதும்.’

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, அவர்கள் அச்சுப்படி திருத்தும் அச்சகத்துக்கு எதிரே மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் நின்றார். மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தன. கண்ணால் கண்டாயிற்று. யோசித்தார், யோசிக்க யோசிக்கப் பெரிதாயிற்று. வெளியே வந்த பைண்டரைப் பிடித்து விசாரித்தார். அவர்கள் இருவருக்கும் ஓயாத சண்டை, ஒரே வார்த்தைக்கு மூன்று நாள் மல்லுக்கட்டு என்றார் பைண்டர். சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கமா என்றுதான் இவருக்குப் பட்டது.

சாயங்காலம் தாளை அவள் முன்னால் வைத்தார். “இதுக்கு என்ன அர்த்தம்?”

படித்துவிட்டு அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பாடநூலில் வரும் ‘ஃபெயித்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவள் ‘விசுவாசம்’ என்று போட்டிருந்தாளாம். அது நாய் தன் வீட்டுக்காரருக்கு வாலாட்டுவது போல இருக்கிறது, ‘நம்பிக்கை’ என்றே போடலாம் என்று தாடிக்காரர் கேலியாக எழுதியதாம். விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். “ஆதாரம்?” என்று அவர் கையை நீட்டினார்.

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. மூன்று மாதக் காகிதக் கட்டையும், பூட்டைத் திறந்த செல்போனையும் மேஜையில் வைத்தாள். அவர் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார். அத்தனையும் சொற்சண்டை. ஓரிடத்தில் தாடிக்காரர், ‘சாரைக் கேளுங்கள், அவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்’ என்றுகூட எழுதியிருந்தார். ஆதாரம் சாருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

“இப்ப எனக்குச் சந்தேகமே இல்லம்மா. எல்லாம் தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுக்கிட்டீங்க. நம்பல” என்றாள் அவள், கோபம் கூட இல்லாமல். “இத்தனை வருஷமா நம்புறீங்கன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். இனிமே தெனம் போனை இங்கயே வெச்சிடறேன். பாத்துக்குங்க.”

மறுநாள் வேலை முடிந்து வந்தவள், சொன்னபடியே போனை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். எடுக்கவே கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் எடுத்துப் பார்த்தார்.