தட்டிப் பார்த்தவர்

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்து அவள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுக்கு ஒரு தரம் அது ஊளையிட்டது. தலைமாடு கொஞ்சம் கொஞ்சமாக உயர, அப்பாவின் முகம் அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

"போதும்மா. இன்னும் சுத்தினா உக்காந்துடுவேன். உக்காந்தா எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும்னு தோணும்," என்றார் அப்பா. மூச்சை இழுத்துக்கொண்டு, "இதுக்குக் கிரீஸ் வச்சு எத்தன வருஷம் ஆச்சோ. ஆளுக்கு மருந்து குடுக்கிறானுங்க, கட்டிலுக்குக் குடுக்க மாட்டேங்கிறானுங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

இரும்புக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் பொறுப்பாளராக இருந்த மனுஷன். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும், காதும் வாயும் முழு நேர வேலையில்தான் இருந்தன. எட்டுக் கட்டில் போட்ட வார்டில் எந்தக் கட்டில் எங்கே ஆட்டம் காண்கிறது என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லுவார். அம்மா ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போயிருந்தாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கப்பா."

"அந்த ஜீப்பு. அதோட சேசிஸ் நிஜமாவே போயிருந்துச்சா?"

அவள் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி திறந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஜீப்பின் கதை இதுதான். ஊர்க்கோடியில் மரக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். மரம் அறுக்கும் தொழிலை மூடிவிட்டு, ஒரு காலத்தில் காட்டுக்குள்ளிருந்து கட்டை இழுத்து வந்த நாலு சக்கர இழுவை ஜீப்பைக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். வண்டிக்கு வயது நாற்பது இருக்கும். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அதைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தவர்தான். எட்டு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு நோட்டில் முதலில் பிரேக், பிறகு வயரிங், பிறகு தரைத் தகடு என்று வரிசையாக எழுதி வைத்தார். வாங்குவதா வேண்டாமா என்று மட்டும் முடிவு செய்ய முடியவில்லை.

"மத்ததெல்லாம் தோலு. அடியில இருக்கிற சேசிஸ்தான் எலும்பு. எலும்பு நல்லா இருந்தா எடுக்கிறேன், இல்லேன்னா விட்டுடறேன். எனக்கு முட்டி மடங்காது. நீ அடியில பூந்து பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரி," என்றார் அவளிடம்.

அவள் சொன்னால் சரிதான். வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில் அவள் ஆய்வாளர். வாரத்தில் ஆறு நாள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் படுத்து, சிறு சுத்தியலால் தட்டி, எது ஓடலாம் எது ஓடக் கூடாது என்று எழுதுகிறவள். அந்த ஊரில் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு சக்கரம் உருளாது.

போவதற்கு முந்தின நாள் அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அவர் நெஞ்சு ஏற்கெனவே ஒரு தடவ பயம் காட்டிடுச்சு. நட்டையும் போல்ட்டையும் பிடிச்சு முறுக்கிட்டுக் கிடந்தா, ஒரு நாள் அந்த வண்டிக்கு அடியிலேயே போயிடுவார். நான் சொன்னா கேக்கிற ஆளா? துருப்பிடிச்சுப் போச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அம்மா கெஞ்சினாள், அதனால் செய்தேன் என்று அவள் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கம். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீயும் நானும் உக்காந்து செய்யலாம்," என்று அப்பா ஆசையாகச் சொன்னபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆறு நாள் வண்டிக்கு அடியில் படுப்பவளுக்கு ஏழாம் நாளும் அதே படுக்கையா? மனுஷி என்றைக்குத்தான் முதுகை நிமிர்த்துவது?

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஜீப்புக்கு அடியில் புகுந்தாள். சேசிஸ் கிண்ணென்று இருந்தது. கம்பெனியில் அடித்த கறுப்பு வண்ணம்கூட இன்னும் உரியவில்லை. பின் சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் பழைய சேறு உள்ளே புகுந்து இறுகிக் கிடந்தது. அங்கே தட்டினால் எந்த நல்ல இரும்பும் செத்த சத்தம்தான் போடும். தொழில் தெரிந்தவளுக்கு அது தெரியும். தேடிப் பிடித்து அங்கேயே தட்டினாள். டொப், டொப் என்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. அவள் ஒரு முழு ஜீப்பின் சேசிஸையே மறைத்தாள்.

"இன்னும் ரெண்டு இடத்துல தட்டிப் பாரும்மா," என்றார் அப்பா, வெளியே குனிய முடியாமல் குனிந்தபடி.

"தட்டினா உடைஞ்சுடும்பா." வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "இது வண்டியே இல்ல. துருவுக்குப் பெயின்ட் அடிச்சு நிறுத்தி வச்சிருக்காங்க."

மரக்கடைக்காரர் வாயைத் திறந்து மூடினார். ஆய்வாளரம்மா சொல்லும்போது அவர் எப்படி மறுப்பார்? கூட வந்திருந்த சித்தப்பாதான் விழுந்து விழுந்து சிரித்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "முப்பத்தொரு வருஷம் இரும்போட குடும்பம் நடத்தின மனுஷன்! இரும்பு எது, துரு எதுன்னு தெரியல பாரு!" அந்த வாரத்துக்குள் சலூன் வரைக்கும் அந்தப் பேச்சுப் போய்விட்டது.

நல்ல மாட்டுக்கு ஒரு சூடு. அப்பா அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்கக் கம்பி வாங்கப் போகும்போது வழக்கம்போல் யோசனை கேட்க வந்தார். "என்னைக் கேக்காதீங்க, எனக்கு என்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். அது கோபம் என்று அம்மா சொன்னாள். கோபமாக இருந்தால் தேவலையே என்று மகளுக்குத் தோன்றியது.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்கிறார்.

சொல்லிவிடலாம். 'நல்லா இருந்துச்சுப்பா, நான்தான் பொய் சொன்னேன்.' எண்ணிப் பார்த்தால் ஐந்து வார்த்தை. ஆனால் இந்த நிலைமையில் சொன்னால் நெஞ்சு தாங்குமா? வீட்டுக்கு வந்த பிறகு, உடம்பு தேறிய பிறகு, நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒரு சமாதானம் அவளுக்குச் சட்டென்று கிடைத்தது. தனக்குச் சாதகமான சமாதானம் என்றைக்கும் சட்டென்றுதான் கிடைக்கும்.

"ஆமாப்பா. சுத்தமாப் போயிருந்துச்சு."

அப்பா அவளையே பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி முடிக்கும் வரை பார்த்தார்.

"சரிம்மா," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடை வரிசையில் போய் நின்றாள். முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். ஊசி மருந்தோடு திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். அம்மா திரைக்கு வெளியே, செருப்பு ஒரு காலில் மட்டும் இருக்க, நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த ஊசி மருந்தைத் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த நினைப்புக்காக அவள் தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் வரிசையாக நின்றன. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வந்தவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

சித்தப்பாவுக்கு மட்டும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அழுது அழுது குரல் கம்மியிருந்தது, உண்மையான அழுகைதான். ஆனாலும் சுபாவம் விடுமா? "எங்கண்ணன் மாதிரி வெகுளி உண்டா? ஒரு ஓட்ட ஜீப்பப் பாத்துட்டு எட்டு மாசம் அலைஞ்சாரு. நம்ம இன்ஸ்பெக்டரம்மா போய் ஒரே தட்டு, அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுச்சு! இரும்புக் கிடங்குக்காரருக்கே துருவ வித்துடப் பாத்தானுங்க!" நாற்காலிகளில் இருந்தவர்கள் துக்க வீடு என்பதால் அடக்கிச் சிரித்தார்கள்.

அவள் அப்போதே எதையாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் காப்பி டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்குப் போனாள். பின்னாலேயே யாரோ செருமும் சத்தம் கேட்டது. மரக்கடைக்காரர். தோள் துண்டைக் கையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சமயம் சரியில்லதான். தப்பா நினைச்சுக்காதீங்க. ஆனா இனிமே மனசுல வச்சுக்க முடியாது," என்றார். "அவரு இருக்கிற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்."

"என்ன வாக்கு?"

"நீங்க வந்து பாத்துட்டுப் போன மறுநாளே அப்பா திரும்ப வந்தாரு. தனியா. கோணியைக் கீழ விரிச்சாரு, அந்த முட்டியோட வண்டிக்கு அடியில பூந்துட்டாரு. நான் வேண்டாம் வேண்டாம்னு கத்துறேன், கேக்கல. முக்கால் மணி நேரம் இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் சாண் சாணாத் தட்டினாரு. சேறு இருந்த இடத்தையும் சுரண்டிட்டுத் தட்டினாரு. நான்தான் கையப் பிடிச்சு வெளிய இழுத்தேன்."

அவள் கையில் இருந்த டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"'சத்தம் நல்லா இருக்கு'ன்னாரு. சொல்லிட்டு அங்கேயே உக்காந்துட்டாரு. 'அப்போ எடுத்துக்கோங்களேன்'னேன். 'எம்பொண்ணு வேண்டாம்னுட்டா'ன்னாரு. 'நீங்க நல்லா இருக்குன்னு வெளிய சொன்னா ஆபீஸ்ல அவ பேரு கெட்டுடும், சொல்லாதீங்க'ன்னாரு. 'அவளா வந்து சொல்லுவா, அன்னிக்கு எடுத்துக்கலாம்'னாரு. அஞ்சு மாசமா அந்த வண்டிய ஒருத்தரும் சீந்தல. நானும் வாயத் திறக்கல."

அவளா வந்து சொல்லுவா. நேற்று அவளாகப் போய்ச் சொல்லவில்லை, அவராகவே கேட்டார். கேட்டதற்கும் சொல்லவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டு, கண்ணை மூடுவதற்கு முன் அவள் முகத்தில் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மரக்கடைக்காரர் அவளை அழ விட்டுவிட்டுச் சற்று ஒதுங்கி நின்றார். ஆனால் போகவில்லை. அவள் கண்ணைத் துடைத்தபோது சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் வந்திருக்காரு. வண்டியப் பிரிச்சு மறுபடி புதுசா ஆக்கணும்னு ஆசப்படுறாரு. என் கொட்டகையில உக்காந்திருக்காரு. நீங்க வேண்டாம்னு சொன்ன வண்டின்னு தயங்குறாரு. சேசிஸ் நல்லா இருக்குன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா இன்னிக்கே எடுத்துக்குவாரு. எனக்கும் வயசாச்சும்மா. இல்லேன்னா காயலாங்கடைக்குத்தான் போடணும்."

துக்க வீட்டில் வந்து கேட்கிற கேள்வியா இது என்று அவரைக் கடிந்துகொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. என்ன உரிமை இருக்கிறது? தாளை வாங்கிக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

"பேனா இருக்கா, சித்தப்பா?"

"ஆஸ்பத்திரிப் பேப்பரா? இந்தா. சீக்கிரம் முடிச்சுக் குடு, அப்புறம் நேரம் இருக்காது." அவர் பேனாவைத் திறந்தே கொடுத்தார்.

கூடத்து வாசலில் கிடந்த ஸ்டூலில் தாளை வைத்துக் குனிந்தாள். உள்ளே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகளையும், அவளுக்குப் பின்னால் நின்ற மரக்கடைக்காரரையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்பாவின் மேல் கிடந்த துணியின் சுருக்கத்தை நீவ ஆரம்பித்தாள்.

அலுவலகத்தில் எழுதுவது போலவே எழுதினாள். சேசிஸ் முழு நீளத்துக்கும் தட்டிப் பார்க்கப்பட்டது. எங்கும் துரு இல்லை. நல்ல நிலையில் உள்ளது. அதற்குக் கீழே, ஆய்வு செய்தவர் என்று போட்டு, அப்பாவின் பெயரை எழுதினாள்.

மரக்கடைக்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். சங்கடமாக நெளிந்தார்.

"அவரு பேரு எதுக்கும்மா?" என்றார் மெல்ல. "அவரு பேரப் பாத்தா வாத்தியார் எடுக்க மாட்டாரு. அந்தப் பேச்சுத்தான் ஊரெல்லாம் இருக்கே. உங்க பேரப் போடுங்க."

நாற்காலிகளின் பக்கம் யாரோ சித்தப்பாவிடம் அந்த ஜீப்புக் கதையை மறுபடி கேட்டார்கள். முதலிலிருந்து கேட்கிறவர் போலிருந்தது.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. படிக்கும்படியாக ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அவள் அப்பாவின் பெயரை ஒரே கோட்டில் நேராக அடித்தாள். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டாள். கீழே தன் பெயரை எழுதி, மை காய்வதற்காகத் தாளை ஊதினாள்.